ஒருவர் எதிர்த்தார்

ஐஸ் ஃபேக்டரி மாடியில் எங்கள் டிரஸ்ட்டுக்கு
ஓர் அறை, ஒரு பீரோ, ஏழு நாற்காலி.
கீழே கட்டி உடைக்கும் சத்தத்தில்
பாதித் தீர்மானங்கள்
யார் காதிலும் விழாமலே நிறைவேறின.
கையெழுத்து மட்டும் ஏழும் சரியாக இருக்கும்.

ஒற்றை ஆட்டோவில் தொடங்கியவர் தேசிங்கு.
காசிமேட்டிலிருந்து ஸ்டான்லிக்கு
வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குத் தம்பியை ஏற்றிக்கொண்டு,
போகிற வழியில் இன்னும் இரண்டு பேரை.
தம்பி போய்விட்டான்.
ஆட்டோ நிற்கவில்லை.
இப்போது பதினொன்று ஓடுகின்றன, எண்ணூர் வரைக்கும்.

ஆட்டோ பெருகிய வேகத்தில் நாங்கள் பெருகவில்லை.
அவர், அவர் மனைவி, மச்சான் ஏகாம்பரம்,
மச்சானின் சிநேகிதர் இருவர்,
கோயில்பிள்ளை ஞானசிகாமணி,
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் நான்.
ஏழு பேர் என்று சொல்லிக்கொள்வோம்.
எண்ணிப் பார்த்தால் ஒருவர்.

ஷம்ஷாத் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.
மண்ணடியில் ஆபீஸ்;
கம்பெனிகளிடம் மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்,
எங்களிடம் ஃபீஸ் வேண்டாமென்று போனிலேயே சொல்லிவிட்டார்.
காசு வாங்காத ஆள்
பெரிசாய் என்ன சொல்லிவிடப் போகிறாரென்று
ஏகாம்பரம் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தார்.

மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து
எட்டு வருஷத்தையும் விரல் வைத்துப் படித்தார்.
ஏகமனதாக. ஏகமனதாக. ஏகமனதாக.
என் கையெழுத்துதான்.
அழகாக இருக்கிறதென்று
பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

"இத்தன வருஷத்துல
இவர்கிட்ட வேணாம்னு சொன்னவங்க யாரு?"

ஐஸ் உடைப்பதும் அந்நேரம் பார்த்து நின்றது.

"குடும்பமா இருக்கோம்மா" என்றார் ஏகாம்பரம்.
"வண்டிக்கு பேஷன்ட்டுங்க யாருக்கு போன் பண்றாங்க?"
"எனக்குத்தான்" என்றார் தேசிங்கு,
சட்டைப் பையைத் தொட்டு. "எல்லாருக்கும் எந்நம்பர்தான்."
"அது உங்ககூடவே போயிடுமே, சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்போம்.
பையிலிருந்து போனை எடுத்து
மேஜைமேல் வைத்தார்,
சூடான டம்ளரை வைப்பதுபோல.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு.
வண்டிகளெல்லாம் டிரஸ்ட் பெயருக்கு மாறின.
சிநேகிதர் இருவரும் நன்றிக் கடிதத்தோடு இறங்கிப் போக
ஒரு நாற்காலியில் நர்ஸ் லூர்து மேரி,
இன்னொன்றில், வாரம் மூன்று நாள்
எங்கள் ஆட்டோவிலேயே போய்வரும் பாஷ்யம்.
யாரானாலும் மூன்று வருஷம்தான் என்ற விதியைத்
தேசிங்கு தானே படித்துக் காட்டினார்.
நடுவில் ஓரிடத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

பன்னிரண்டாவது ஆட்டோ,
ஏகாம்பரத்தினுடையது, பழையது.
விலைபேசி முடிந்தமாதிரிதான் வந்தார் தேசிங்கு.
சம்பந்தப்பட்டவர் வெளியே உட்கார வேண்டுமாம்;
ஏகாம்பரம் படியில் உட்கார்ந்து
எங்களுக்குக் கேட்கும்படி இருமினார்.

நான் வேண்டாமென்றேன்.
என் குரலா என்று எனக்கே சந்தேகம்.
ஐந்துக்கு ஒன்று.
வாங்குவதென்று முடிவாயிற்று.

ராத்திரி ஷம்ஷாத்துக்குப் போன் செய்தேன்:
இதை எப்படி எழுதுவது, மேடம்?
"நடந்தத எழுதுங்க."

ஒருவர் எதிர்த்தார். காரணம்: மூன்று கொட்டேஷன் வாங்கவில்லை.
அடைப்புக்குறிக்குள் என் பெயர்.
எட்டு வருஷத்தில்
புத்தகத்தில் நான் முதன்முதலாக இருந்தது அந்த வரியில்தான்.

தேசிங்கு இரண்டு தடவை படித்துவிட்டு
கையெழுத்துப் போட்டார். பேசவில்லை.
பத்து நாள் கழித்து
மூன்று கொட்டேஷன் என் மேஜைமேல் கிடந்தது.
ஏகாம்பரத்தின் வண்டி
அதில் மூன்றாவதாக இருந்தது.

மார்ச் கடைசியில் மண்ணடியிலிருந்து ஒரு பில்:
நாற்பத்தொரு மணி நேரம். தொகை: இல்லை.
கீழே, பேனாவால்: "இதையும் வரவுல காட்டுங்க.
சும்மா வந்ததுன்னு எழுதாதீங்க."

காலை நாலரைக்கு
போன் இப்போது ஆபீசில் அடிக்கிறது.
எடுப்பவன் ஷிப்டுப் பையன்.
தேசிங்கு அதே நேரத்துக்கு எழுந்து வந்து
படியில் நின்று கேட்கிறார்,
இன்னிக்கு எத்தினி பேரு?